தேசிக்காய் என்று பெயர் வாங்கிய லேத்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். ஐந்து பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒருவர்கூட என் தொழிலுக்கு வரவில்லை. எல்லோரும் கதிரையில் இருந்துகொண்டு விரலால் வேலை செய்கிறார்கள். அது அவர்கள் பாடு.

இங்கே சுவிசில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்தார்.

“அம்மா, நீங்கள் வந்த காலத்துக் கஸ்ரத்தை எழுதுங்கோ. குளிர், பனி, அகதி முகாம். வாசிக்கிற சனம் அழவேணும்.”

“எனக்குக் குளிர் ஒத்துக்கொண்டுட்டுது தம்பி. அழுறதுக்கு வேறை ஆளைப் பாருங்கோ.”

“அப்ப என்னத்தை எழுதுவியள்?”

“என்ரை லேத்தைப் பற்றி எழுதுறன்.”

தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “சரி, ரண்டு பக்கத்துக்குள்ளை முடியுங்கோ” என்றார். இரண்டு பக்கத்தில் ஒரு லேத்தின் மூடியைக்கூடக் கழற்ற முடியாது. அது அவருக்குத் தெரியாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கொப்பியில் நான் எழுதுவதைப் பேத்தி ஆரணி கம்பியூட்டரில் அடிக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அவளுடையது. ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பாதி அவளுடையது.

லேத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரட் துருவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கரட் சுழலும், கத்தி மெல்ல நகர்ந்து சீவும். கரட்டுக்குப் பதில் இரும்பு. இடது பக்கம் இருக்கும் தலைப்பெட்டி இரும்பைப் பிடித்துச் சுழற்றும். வலது பக்கம் நீளமாக இரண்டு தடங்கள் இருக்கும், தண்டவாளம் மாதிரி. அந்தத் தடத்தில் கத்தி பூட்டிய மேடை ஓடும். தலைப்பெட்டியும் தடமும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உருளை உருளையாக வரும். இல்லாவிட்டால் ஒரு முனை பருத்து மறு முனை சிறுத்து வரும். இவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் நான் முப்பது வருசம் மண்டையைப் பிய்த்தேன்.

டாவோஸ் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் குசினியில் நாலு குளிர்காலம் கோப்பை கழுவினேன். பிறகு கீழே கூர் நகரத்துக்கு இறங்கிவந்து ஒரு மெசின் பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். செயலாளர் தம்பி கேட்ட கஸ்ரம் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

பட்டறையில் ஏழு லேத். ஒவ்வொன்றின் கீழேயும் இரும்புச் சீவல் குவியும். அதை அள்ளுவது என் வேலை. அள்ள அள்ள எனக்கு ஒன்று விளங்கியது. கத்தி நல்ல கூராக இருந்தால் சீவல் வைக்கோல் நிறத்தில், சுருள் சுருளாக விழும். கத்தி மழுங்கினால் கருநீலமாகக் கருகி, உடைந்து, துகளாகக் கொட்டும். ஒரு நாள் மூன்றாவது மெசினில் நின்ற மனிதனிடம், “உங்கடை கத்தி மழுங்கிப்போச்சு” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், விளக்குமாற்றைப் பார்த்தான், சிரித்தான்.

பின்னாலே மைஸ்டர் நின்றிருக்கிறார். பட்டறைத் தலைவரை அங்கே மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவது. அவர் மெசினை நிறுத்தினார். கத்தியைக் கழற்றிப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஸோ” என்றார்.

இந்த ‘ஸோ’ பற்றிச் சொல்லவேண்டும். மைஸ்டர் அதிகம் கதைக்க மாட்டார், சத்தம் போடவே மாட்டார். எல்லாவற்றையும் ‘ஸோ’வில் முடிப்பார். குறுகலாக ஒரு ‘ஸோ’ என்றால் நல்லது. இழுத்து ஒரு ‘ஸோ’ என்றால் திரும்பச் செய். இரண்டு ‘ஸோ’ என்றால் நீ வீட்டுக்குப் போகலாம். பிழையான துண்டைத் தூக்கும்போது இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் தூக்குவார். காலை ஒன்பது மணிக்கு ஓர் அப்பிளை விதை, காம்பு எல்லாவற்றோடும் தின்பார். பத்து மணிக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு சொக்கிளேற் குச்சி எடுப்பார். உள்ளே கிர்ஷ் சாராயம் ஊற்றிய சொக்கிளேற், சிவப்பு ஈயத்தாள் சுற்றியது. வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரும் அவர்தான். கடித்துத் தின்றால் குடித்ததாகக் கணக்கில்லைப் போலும்.

“எப்பிடித் தெரியும்?” என்று என்னைக் கேட்டார். அவர் பேசியது ஊர் ஜெர்மன். எனக்கு விளங்கிய மாதிரி எங்கள் பாசையில் எழுதுகிறேன்.

“என்ரை கூடைக்குள்ளை தெரியுது.”

அடுத்த திங்கட்கிழமை, என்னைத் திருமதி போட்டு, “ஃப்ராவ் பூமணி, விளக்குமாத்தைச் சுவரிலை சாத்திப்போட்டு வாங்கோ” என்றார்.

ஒன்றரை வருசம் லேத் வேலை பழகினேன். பழகியவர்களுக்கு அது தெரியும், பழகாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது, ஆகவே விடுவோம். வரைபடத்தில் எழுத்துக் குறைவு, இலக்கம் அதிகம். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. மற்றவர்கள் மில்லிமீற்றரை நூறாகப் பிரித்து அதில் ஒன்று, இரண்டு என்று கதைத்தபோது எனக்குப் பயம் வரவில்லை. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆறு, ஏழு அப்படியான பங்கு இருக்கிறது. எனக்கு அப்போது இடுப்புவரை தலைமயிர். அளவுக்குக் குறைவில்லை.

அந்தக் கோடையின் முடிவில் எனக்கென்று ஒரு லேத் தந்தார்கள். பச்சை நிறம், என்னைவிட வயதில் மூத்தது. காலையில் செய்யவேண்டிய முறையை மைஸ்டர் ஒருமுறைதான் காட்டினார். பஞ்சுத் துணியால் தடத்தைத் துடை. பதினான்கு இடத்தில் எண்ணெய் விடு. பத்து நிமிடம் மெதுவாக ஓடவிடு. பிறகு முதல் துண்டைச் சீவி இரண்டு முனையையும் அள. “ரண்டு முனையும்” என்று இரண்டு விரலைக் காட்டினார்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சரஸ்வதி பூசை. திங்கள் விசயதசமி. புதிய காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை, எனக்கோ புதிய லேத். ஊரில் புதுச் சைக்கிள் எடுத்தாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், வைத்து நசிப்போம். இங்கே எங்கள் ஆட்கள் கடன் பட்டு வாங்கிய பி.எம்.டபிள்யூ காரையும் கோயில் வாசலில் தேசிக்காய்க்கு மேலேதான் ஏற்றுகிறார்கள். கண்ணூறு படாது, விபத்து நடக்காது. நான் திங்கள் விடிய மற்றவர்கள் வருமுன்னே போனேன். தலைப்பெட்டியில் மூன்று குறி திருநீறு, சந்தனம், குங்குமம். அத்தோடு நின்றிருக்கலாம். தடம் இரண்டும் பளபளவென்று நெற்றி மாதிரி இருந்தன, அவற்றிலும் பூசினேன். பிறகு தேசிக்காயைத் தடத்தில் வைத்துக் கத்தி மேடையை ஓடவிட்டேன். அது சில்லு இல்லை, தேசிக்காயின் மேலே ஏறாது. தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் தடத்தின் வால் முனையில் இருந்த இரும்புக் கட்டையோடு சேர்த்து நசித்தது. சாறு தடம் முழுக்க. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

துடைத்தேன், எண்ணெய் விட்டேன், வேலையைத் தொடங்கினேன். ஆட்களை மலைக்கு ஏற்றும் கதிரை லிஃப்ட்டின் கப்பிகளுக்கு நாற்பது அச்சு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பூசை செய்ததில் நேரம் போய்விட்டது. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு முனையைத்தான் அளந்தேன். வெள்ளிக்கிழமை நேராக இருந்த மெசின் திங்கட்கிழமை ஏன் வளையப் போகிறது?

பத்து மணிக்கு மைஸ்டர் வந்தார். ஒன்பது அச்சு முடிந்திருந்தது. ஒன்றை எடுத்து இரண்டு முனையும் அளந்தார். அடுத்ததை எடுத்தார். ஒன்பதையும் அளந்தார். எல்லாவற்றிலும் ஒரு முனை மற்றதைவிட நூறில் மூன்று பருமன். ஒன்பது அச்சும் குப்பைக்கு.

பிறகு குனிந்து தடத்தைப் பார்த்தார். தேசிக்காய்த் தோல் ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு விரலால் தூக்கினார்.

“இது என்ன?”

“எங்கடை வழக்கம். ஓடுற சாமான் புதிசா எடுத்தால் தேசிக்காய் நசிப்பம்.”

“ஏன்?”

“பிழை ஒண்டும் வராமல் இருக்கிறதுக்கு.”

பட்டறையே நின்று பார்த்தது. மைஸ்டர் தோலைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார், ஒன்பது அச்சையும் பார்த்தார்.

“ஸோ. ஸோ.”

வீட்டுக்கு அனுப்பவில்லை. அதைவிடக் கெடுதலாக விளக்குமாற்றுக்கு அனுப்பினார். பதினொரு மாதம். அந்த லேத்துக்கு அன்று மத்தியானமே ‘ட்சிட்ரோனெ’ என்று பெயர் விழுந்துவிட்டது, தேசிக்காய் என்று அர்த்தம். பதினொரு மாதம் கழித்து வேறொரு லேத் தந்தார். அதில் நின்று ஓய்வு வயதுவரை வேலை செய்தேன். ஒரு துண்டு குப்பைக்குப் போனதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எண்ணிச் சொல்லலாம். ட்சிட்ரோனெயை மட்டும் யாரும் நுணுக்கமான வேலைக்குத் தொடவில்லை, முரட்டு வேலைக்கு விட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவனையும் அதன் முன்னால் நிறுத்தி, சாமி கும்பிட்டு மெசினைக் கெடுத்த கதையைச் சொல்வார்கள். அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். நான் என் வேலையைப் பார்ப்பேன்.

கொஞ்சம் எலுமிச்சஞ் சாறு இரும்பை வளைக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பதிலும் இல்லை. மைஸ்டரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. திருநீறு கல்லுத்தூள்போல நுண்ணியது, இரும்பைத் தேய்க்கும். அது எனக்கும் தெரியும்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் பட்டறையிலிருந்து ரெலிபோன் வந்தது. மைஸ்டர் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம், இது புதிய பொறுப்பாளர். ட்சிட்ரோனெ பழைய இரும்புக்குப் போகிறது, ஞாபகத்துக்கு அதன் பெயர்ப் பலகையைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார்.

“பலகையைக் கழட்ட வேண்டாம், மெசினோடையே அனுப்புங்கோ” என்றேன். ரெலிபோனை வைத்த பிறகுதான் வீட்டில் ஒரு புருசன் இருக்கிறார் என்ற ஞாபகம் வந்தது.

நாங்கள் இருப்பது சின்ன மகனின் வீட்டுக் கீழ்ப் பகுதியில். கூருக்கு மேலே மலைச்சரிவு. வீட்டின் அடியில் ஒரு பங்கர் இருக்கிறது, யுத்தம் வந்தால் ஒளிக்க. எங்கள் ஊரில் யுத்தம் வந்த பிறகு பங்கர் வெட்டினோம். இந்த நாட்டுக்காரர் பங்கரைக் கட்டிவிட்டு யுத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அதுவரை அதற்குள் பனிச்சறுக்குப் பலகையும் பழைய மெத்தையும். அவற்றை வெளியே போட்டேன். லாறிக்காரர் இருவர் லேத்தை உருளைகளில் வைத்துத் தள்ளினார்கள். தடித்த சீமெந்துக் கதவின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி.

என் புருசன் படியில் நின்று பார்த்தார். இவர் ஹோட்டல்களில் முப்பது வருசம் சமையல் செய்தவர், இரும்பு என்றால் சட்டிதான்.

“என்னப்பா இது?”

“லேத்.”

“உம்மை விளக்குமாத்துக்கு அனுப்பின லேத்தோ?”

“ஓம்.”

“ஆக்கள் பகையாளியை வீட்டுக்குள்ளை விடமாட்டினம். நீர் சீமெந்து அறை குடுத்து வைச்சிருக்கிறீர்.”

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த நூறில் மூன்று என் கையால் வந்ததா, இல்லையா? ஆம் என்றால் ஆம். எழுபது வயதில் ஒரு பெண் தன் பிழையைத் தாங்கிக்கொள்ளலாம். தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியாது.

கழுவலில் தொடங்கினேன். அதில் நான் படித்தவள். மரச் சீவுளியால் பழைய எண்ணெய்ப் பிசினைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய், தூரிகை, பழைய சாறத் துண்டு. கம்பித் தும்பையும் மண்தாளையும் கிட்டவும் கொண்டுபோகவில்லை, அவற்றின் தூள் இரும்புக்குள் ஏறிக்கொள்ளும். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய வரிசையில் முட்டை அட்டைப் பெட்டிகளில் வைத்தேன். இவர் முட்டை வாங்கப் போய்வந்தே களைத்துப் போனார்.

“இரும்புக்கு எண்ணெய் பூச ஆள் இருக்கு. என்ரை முழங்காலுக்குத்தான் ஆளில்லை” என்பார்.

“உங்கடை முழங்காலைக் கழட்டி அந்தப் பெட்டிக்குள்ளை வையுங்கோ, பாப்பம்.”

மூன்றாம் கிழமை கத்தி மேடையைக் கழற்றித் திருப்பினேன். அதன் ஓரத்தில் தடத்தைத் துடைத்துக்கொண்டு போகும் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அதைப் பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ சீமெந்தாக இறுகிக் கிடந்தது. நகத்தால் கிளறினேன். ஒரு தேசிக்காய் விதை விழுந்தது.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன். பிறகு தடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நீளமாக இரண்டு கீறல், நகம் தடுக்கியது. திருநீறும் சந்தனமும் சாறும் சேர்ந்து வருசக்கணக்காகத் தேய்த்த கீறல். என் கை. சந்தேகமே இல்லை.

இவர் தேத்தண்ணியோடு வந்தார். விதையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“முப்பது வருசம் எண்ணெய்க்குள்ளை கிடந்தும் முளைக்கேல்லை. உம்மடை கைராசி அப்பிடி.”

நான் சிரிக்கவில்லை. அவர் வாளிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே குந்தினார்.

“எங்கடை கல்யாணத்திலையும் ஐயர் தேசிக்காய் வெட்டினவர்தானே. நாங்கள் என்ன நேராவே போனனாங்கள்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கீறல்தான் கோணலுக்குக் காரணம் எண்டு அளந்து பாத்தனீரோ?” என்றார்.

அளக்கவில்லை. இரும்பு தெரியாத மனிதன் கேட்ட கேள்வி, எனக்கு வந்திருக்க வேண்டியது. அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அளப்பதென்றால் முறையாக அளக்கவேண்டும். மெசினைத் திரும்பப் பூட்டினேன். முதலில் மட்டம். நாலு காலின் கீழும் தகடு வைத்து, குமிழி மட்டத்தைத் தடத்தின் இந்த முனையில் ஒருதரம், அந்த முனையில் ஒருதரம் வைத்து, குறுக்கே திருப்பி வைத்து, ஆணியைக் கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் விட்டேன். இரும்பு தன் பாரத்தில் மெதுவாக அமரும், அவசரப்பட்டால் பொய் சொல்லும். ஐந்து நாள் இப்படி. பிறகு தடித்த இரும்புத் துண்டு ஒன்றைத் தலைப்பெட்டியின் கவ்வியான சக்கில் பிடித்து, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் விட்டு, அவற்றை மெல்லிசாக, பூக்கொய்வதுபோல் சீவினேன். அளந்தேன்.

நூறில் மூன்று. முப்பது வருசத்துக்கு முந்திய அதே மூன்று.

நான் சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் இவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் யோசியுங்கள். கீறல் வருசா வருசம் ஆழமாகி வந்தது. கோணல் மட்டும் அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவே. என் கீறலால் வந்த கோணல் என்றால் அதுவும் வளர்ந்திருக்க வேண்டும். கீறல் உள்ள இடத்தில் அதிகமாகவும் இல்லாத இடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். இதுவோ தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராகச் சாய்ந்திருந்தது. தடம் நேர். தலைப்பெட்டிதான் வேறெங்கோ பார்க்கிறது.

மகன் தான் கணக்கு எழுதும் கார்க் கராச்சிலிருந்து எஞ்சின் தூக்கும் சின்னக் கிரேனைக் கொண்டுவந்தான். நாலு ஆணியைத் தளர்த்தித் தலைப்பெட்டியைத் தூக்கினேன். அது அமரும் தடம் கூரை முகடுமாதிரி இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். பின்பக்க முனையில், ஒரு சரிவில் மட்டும், ஏதோ மின்னியது. ஊசியால் கிளப்பினேன். நகம் அளவுக்கு வெட்டி இரண்டாக மடித்த ஈயத்தாள். சிவப்பு.

அந்தப் பட்டறையில் சிவப்பு ஈயத்தாளில் சுற்றிய சொக்கிளேற் தின்றவர் ஒருவர்தான்.

தாளை எடுத்து, இடத்தைத் துடைத்து, பெட்டியைத் திரும்ப இறக்கி, ஆணியைக் குறுக்கு மறுக்காக முறுக்கி, மறுபடி சீவினேன். நூறில் அரை. புது மெசினுக்குக் கொடுக்கும் அளவு அது.

மைஸ்டருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. கூரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ் எடுத்துப் போனேன். யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். உடம்பு சுருங்கியிருந்தது, கண் மட்டும் பழைய கண். நிர்மலா அவருக்குக் கோப்பி கொண்டுவந்தாள். நிர்மலா மன்னார்ப் பிள்ளை, அங்கே தாதியாக இருக்கிறாள். மாதா கோயில் ஆள் என்றாலும் எங்கள் சங்கத்துக் கொத்துரொட்டிக்குத் தவறாமல் வருவாள்.

ஈயத்தாளை மேசையில் வைத்தேன். விதையையும் பக்கத்தில் வைத்தேன்.

குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் ஈயத்தாளைத் தூக்க முயன்றார், அது நழுவி விழுந்தது.

“எங்கை இருந்தது?”

“தலைப்பெட்டிக்குக் கீழை. பின் முனை.”

“வெள்ளிக்கிழமை நீங்கள் போனாப் பிறகு பெயாரிங் மாத்தினனான்” என்றார். “பெட்டியைத் திரும்ப வைச்சால் கொஞ்சம் கோணல். நேராக்க இந்தத் தாளை மடிச்சு வைச்சன். திங்கள் விடிய அளந்து பாக்க நினைச்சன். மற்றச் சரிவிலை வைக்கவேண்டியதை மாறி வைச்சிட்டன் போலை.”

“அளந்தனீங்கள்தானே. பத்து மணிக்கு.”

“ஓம்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

அவர் யன்னலைப் பார்த்தார். “தேசிக்காயைக் கண்டன்” என்றார். “கண்ட உடனை மனம் லேசாப் போச்சு. அதுதான் காரணம் எண்டு நானும் நம்பினன். ஒரு மாதம் நம்பினன்.”

“பிறகு?”

“பிறகு ஈயத்தாள் ஞாபகம் வந்தது. அதை எடுத்து, கீழை துடைச்சு வைச்சால் மெசின் நேராகிடும். தேசிக்காய் கெடுத்த மெசின் எப்பிடி நேராகும்? ஆக்கள் கேப்பினம். விட்டிட்டன்.”

“நான் பதினொரு மாதம் கூட்டினனான்.”

“பன்ரண்டுக்கு விடேல்லை” என்றார். அது பகிடியா மன்னிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கண் கலங்கியிருந்தது. தொண்ணூறு வயதில் காற்றுப் பட்டாலும் கலங்கும்.

விதையைக் காட்டினேன். “தடத்திலை ரண்டு கீறல். அது என்ரை.”

“ஆழமோ?”

“நகம் தடுக்குது. இந்தக் குளிர்காலம் மேடு பள்ளம் தெரிய நீல மை பூசிச் சுரண்டி எடுக்கப்போறன்.”

“இப்ப மெசின் எவ்வளவு?”

“நூறிலை அரை.”

“ஸோ” என்றார். குறுகலாக. ஈயத்தாளையும் விதையையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

“எங்கடை ஆக்களின்ரை மலருக்கு எழுதப்போறன். இதை எழுதட்டோ? நீங்கள் வேண்டாம் எண்டால் விடுறன்.”

அவர் யோசித்தார். “பட்டறைக்காரர் வாசிப்பினமோ?”

“அது தமிழிலை.”

“தமிழ் எண்டால் அந்தச் சுருள் சுருளான எழுத்தோ? இஞ்சை ஆர் அதை வாசிக்கப்போயினம்? எழுதுங்கோ. முழுக்க எழுதுங்கோ. என்ரை பேரை விட்டிட்டு எழுதுங்கோ.”

அவருக்குப் பின்னால் நின்று கோப்பிக்குள் சீனி கலக்கிய நிர்மலாவின் கரண்டி நின்றது. என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் தமிழில் கேட்டாள்.

“அன்ரி, மலர் எப்ப வரும்?”

“என்ன சொல்லுறா?” என்றார் மைஸ்டர்.

“கோப்பி ஆறுதாம்” என்றேன்.

மலர் வந்ததும் அதை அவருக்குப் பக்கத்தில் இருந்து, வரி வரியாக ஜெர்மனில் வாசித்துக் காட்டப் போகிறாளாம். அங்கே வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் கேட்க இருக்கிறார்களாம். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவில்லை. எழுதச் சொன்னவர் அவர்தான். பேரை எழுதவில்லை, சொன்ன சொல் தப்பவில்லை. பட்டறையில் புதிய பொறுப்பாளருக்கு மட்டும் நானே ரெலிபோன் எடுத்து, லேத்தில் பிழை இல்லை, அதைப் பூட்டிய விதத்தில்தான் பிழை இருந்தது என்று சொன்னேன். யார் பூட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி எனக்கு ஒரு சந்தேகம்தான் மிச்சம். அவர் ஒரு தாளை மாறி வைத்தார், பிறகு வாயை மூடிக்கொண்டார். நான் பூசை செய்த அவசரத்தில் ஒரு முனையை மட்டும் அளந்தேன். இரண்டு முனையையும் அளந்திருந்தால் முதல் அச்சிலேயே தெரிந்திருக்கும், ஒன்பது குப்பைக்குப் போயிருக்காது. எழுதுகிறவள் நான் என்றபடியால் என் பக்கத்தை மெலிதாகவும் அவர் பக்கத்தைத் தடிப்பாகவும் சீவிவிட்டேனோ தெரியாது. என் எழுத்தை நானே வாசித்தால் அது விளங்காது.

ஆரணி, அந்த ரெலிபோனை வைச்சிட்டு இஞ்சை வா பிள்ளை. முதலிலை இருந்து வாசி. அம்மம்மாவின்ரை பிழை வாற இடத்திலை சத்தத்தைக் குறைக்காதை, அந்தக் கிழவனின்ரை பிழை வாற இடத்திலை கூட்டாதை. ரண்டையும் ஒரே சத்தத்திலை வாசி, நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்.